தினமும் பஸ்ஸில் போகிறவர்கள் செண்ட், அத்தர், பூ, தைலம் எல்லாம் எவ்வளவு போட்டுக்கொள்ளலாம்?

காலை ஆறரை பஸ் கேட்டது:

தர்மபுரியிலிருந்து பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூருக்கு தினமும் வேலைக்குப் போகிறவர்களை மனதில் வைத்துக் கேட்கிறேன். ரெண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிற பயணம். பாதிப் பேர் நின்றுகொண்டுதான் வருவார்கள். மார்கழி, தை காலையில் ராயக்கோட்டை தாண்டினால் குளிருக்கு எல்லா ஜன்னலும் மூடிவிடும். அதற்குள் பாடி ஸ்ப்ரே, அத்தர், மல்லிகை, கோடாலி தைலம், நேற்றைய யூனிபார்ம் வேர்வை எல்லாம் சேர்ந்துவிடுகிறது. ஒற்றைத் தலைவலிக்காரர்களும் வீசிங் இருக்கிறவர்களும் அதே பஸ்ஸில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"செண்ட் போடாதே" என்று ஒரே வரியில் முடித்துவிட வேண்டாம். போடுகிறவர் எதை, எவ்வளவு, எங்கே, எப்போது போட்டால் பக்கத்து சீட்டுக்குத் தொல்லை இல்லை? செண்ட்டே இல்லாமல் வேர்வை வாடையைக் கட்டுப்படுத்துவது எப்படி? வாசனை ஒத்துக்கொள்ளாதவர் என்ன செய்யலாம், பக்கத்தில் இருப்பவரிடம் எப்படிச் சொல்லலாம்? விவரம் தெரிந்தவர்கள் அளவோடு சொல்லுங்கள்.

---

ரெண்டு சொட்டு எழுதியது:

முதலில் பாட்டிலைத் திருப்பி என்ன வகை என்று பாருங்கள். கடையில் எல்லாவற்றுக்கும் 'செண்ட்' என்றுதான் பெயர், ஆனால் உள்ளே இருக்கும் வாசனை எண்ணெயின் அளவு வகைக்கு வகை ரொம்பவே வேறுபடும். 'ஓ டி கொலோன்' என்றால் சுமார் 2 முதல் 4 சதவீதம். 'ஓ டி டாய்லெட்' 5 முதல் 15 வரை. 'ஓ டி பர்ஃபம்' 15 முதல் 20. வெறும் 'பர்ஃபம்' என்று போட்டிருந்தால் 20க்கு மேல். மீதி பெரும்பாலும் ஆல்கஹால். பம்ப் வைத்த பாட்டிலில் ஒரு அழுத்துக்கு ஏறக்குறைய 0.1 மில்லி வெளியே வரும். அதாவது பத்து அழுத்துக்கு 1 மில்லி. கொலோனை நாலு தடவை அடிப்பதும் ஓ டி பர்ஃபத்தை நாலு தடவை அடிப்பதும் ஒன்றல்ல, பின்னது ஐந்து மடங்குக்கு மேல் போகலாம்.

'கேஸ் இல்லை' என்று விற்கும் பாடி ஸ்ப்ரேயில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். பழைய டப்பாவில் வெளியே வந்ததில் பெரும்பகுதி பியூட்டேன், புரொப்பேன் வாயு. அதனால் 'புஸ்'ஸென்று நாலு நொடி அடித்தாலும் மேலே தங்கியது கொஞ்சம்தான். கேஸ் இல்லாததில் ஒவ்வொரு அழுத்தும் முழுக்கத் திரவம். பழைய பழக்கத்தில் இரண்டு அக்குளுக்கும் சட்டைக்கும் சேர்த்துப் பத்து, பன்னிரண்டு தடவை அடித்தால் அது பஸ்ஸுக்கான அளவே இல்லை.

பஸ்ஸுக்கு அளவு: ஓ டி பர்ஃபம் என்றால் ஒரே அழுத்து. ஓ டி டாய்லெட் என்றால் இரண்டு. பாடி ஸ்ப்ரே மூன்று. ஒரு சாண் தள்ளிப் பிடித்து, நெஞ்சில், பனியனுக்கு உள்ளே தோல்மேல் அடியுங்கள்.

மணிக்கட்டில் வேண்டாம். கழுத்திலும் மணிக்கட்டிலும் போடுவது பொதுவான பழக்கம்தான், ஆனால் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்ததும் உங்கள் மணிக்கட்டு பக்கத்தில் நிற்பவரின் மூக்குக்கு நேராக வந்துவிடும். சட்டையின் கீழ்ப்பகுதியிலும் வேண்டாம், நிற்பவரின் இடுப்பு இருக்கும் உயரத்தில்தான் உட்கார்ந்திருப்பவரின் முகம் இருக்கிறது. நெஞ்சில், பனியனுக்குள் போட்டது மட்டும்தான் நமக்குள்ளேயே நிற்கும். துணிமேல் அடித்தால் தோலில் இருப்பதைவிட அதிக நேரம் தங்கும், பாலியெஸ்டரில் மறுநாள்கூட இருக்கும். அதன்மேல் மறுபடி அடிக்கும்போது அளவு இரட்டிப்பாகிறது.

எப்போது போடுவது என்பதும் முக்கியம். அடித்த முதல் 15 முதல் 30 நிமிடத்தில்தான் எலுமிச்சை, புதினா மாதிரி சீக்கிரம் ஆவியாகும் மேல்வாசனை எல்லாம் ஒரே மூச்சாகக் கிளம்பும், கூடவே ஆல்கஹாலும். ஆகவே குளித்துத் துடைத்ததும் போட்டுவிட்டு, சாப்பிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வர அரை மணி ஆகட்டும். ஸ்டாண்டில் நின்று அடிப்பதும் பஸ்ஸுக்குள் அடிப்பதும் கூடவே கூடாது. கேஸ் டப்பாவாக இருந்தால் அந்த வாயு தீப்பற்றக்கூடியது, மூடிய பஸ்ஸில் அது தொல்லையோடு நிற்காது, ஆபத்தும்கூட.

அத்தர் விஷயம் தனி. அதில் ஆல்கஹால் இல்லை, எல்லாமே எண்ணெய். மெதுவாக ஆவியாகி நாள் முழுக்க நிற்கும். கண்ணாடிக் குச்சியால் ஒரு தொடல் போதும், ஒரு முழுச் சொட்டே (சுமார் 0.05 மில்லி) பஸ்ஸுக்கு அதிகம். பஞ்சில் நனைத்துக் காதுமடலில் செருகிக்கொள்வது பழைய வழக்கம். பஞ்சு பத்து மணி நேரம்கூட விட்டுவிட்டு வாசனை தந்துகொண்டே இருக்கும். விசேஷ வீட்டுக்கு அது அழகு. பஸ்ஸில் போகும்வரை அந்தப் பஞ்சைச் சின்ன டப்பாவில் மூடி வைத்து, இறங்கியபின் செருகிக்கொள்ளலாம். ஜவ்வாதும் அப்படித்தான்: ஆள்காட்டி விரல் நுனியில் ஒட்டுகிற அளவு போதும், சட்டைமேல் தூவ வேண்டாம்.

இன்னொன்று. நம் வாசனை நமக்கே சில நிமிடங்களில் தெரியாமல் போய்விடும், மூக்கு பழகிவிடுகிறது. "போயிடுச்சு போல" என்று நினைத்து இன்னொரு முறை அடிப்பதால்தான் அளவு மீறுகிறது. சோதிக்க வேண்டுமானால் வெளியே போய்ப் பால் வாங்கி வந்து, கழற்றி வைத்த சட்டையை முகர்ந்து பாருங்கள். அல்லது வீட்டில் ஒருவரை ஒரு கை நீளத்தில் நிற்கச் சொல்லிக் கேளுங்கள். அந்தத் தூரத்தில் தெரியவே கூடாது, தோளோடு தோள் வந்தால் லேசாகத் தெரியலாம்.

தர்மபுரி சித்திரை வெயிலையும் ஓசூர் மார்கழிக் குளிரையும் ஒரே கணக்கில் வைக்காதீர்கள். வெயிலில் வேகமாகக் கிளம்பும், ஆனால் ஜன்னல் திறந்திருக்கும். குளிரில் மெதுவாகத்தான் கிளம்பும், ஆனால் வெளியே போக வழி இல்லை. குளிர்காலத்தில் "வாசனையே வரலை" என்று கூடுதலாகப் போடுவது தப்பு. குறைக்க வேண்டிய காலமே அதுதான்.

---

உள்பனியன் எழுதியது:

வேர்வை வாடையப் பத்தி நான் சொல்றேன். பாதிப் பேர் செண்ட்டை எடுக்கறதே இதுக்காகத்தான்.

புது வேர்வைக்கு வாடை கிடையாதுங்க. உடம்பு முழுக்க வர்ற வேர்வை தண்ணியும் உப்பும்தான். அக்குள்ல வயசுக்கு வந்தப்புறம் வேலை செய்ய ஆரம்பிக்கிற இன்னொரு வகை சுரப்பி இருக்கு, அதுல கொழுப்பு, புரதம் கலந்து வரும். தோல்மேல இருக்கிற பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதுதான் கந்தகம் கலந்த, வெங்காயம் மாதிரி, புளிச்ச மாதிரி வாடை வருது. அதனால பாக்டீரியாவைக் குறைக்கணும், இல்ல ஈரத்தைக் குறைக்கணும். மேல செண்ட் அடிச்சா ரெண்டும் நடக்காது. புளிச்ச வாடையோட பூ வாசனையும் சேர்ந்து, முன்ன இருந்ததவிட மோசமா ஆகும்.

டியோடரன்டும் ஆன்டிபெர்ஸ்பிரன்டும் ஒண்ணு இல்ல. முதல் வகை வாடையை மட்டும் பார்த்துக்கும், வேர்வை வரும். ரெண்டாவதுல அலுமினிய உப்பு இருக்கும், அது வேர்வைக் குழாயோட வாயில தற்காலிக அடைப்பா உட்கார்ந்து வேர்வையையே குறைக்கும். வாங்கும்போது பின்னாடி 'அலுமினியம் குளோரோஹைட்ரேட்'னு இருக்கான்னு பாருங்க. வாசனை சேர்க்காத ரோல்-ஆனும் கிடைக்குது, பஸ்ஸுக்கு அதுதான் நல்லது.

போடற நேரத்துலதான் எல்லாரும் தப்பு பண்றாங்க. காலையில குளிச்ச ஈரத்தோட தேய்ச்சுட்டு ஓடினா, அடுத்த பத்து நிமிஷத்துல வர்ற வேர்வை அந்த உப்பைக் கழுவிடும். ராத்திரி படுக்கும்போது, நல்லா காய்ஞ்ச அக்குள்ல, மூணு நாலு இழுப்பு போடணும். தூங்கறப்ப வேர்வை கம்மி, உப்பு குழாய்க்குள்ள போய் உட்கார நேரம் கிடைக்கும். காலையில குளிச்சாலும் அந்த அடைப்பு போகாது. ஒரே நாள்ல தெரியாது, நாலஞ்சு ராத்திரி தொடர்ந்து போடுங்க. சவரம் பண்ணின அன்னைக்கு வேண்டாம், எரியும். சவரம்கூட வேணாம், முடியைக் கத்தரியால ஒட்ட வெட்டினாலே பாக்டீரியா தங்கற இடம் குறையும்.

குளிக்கும்போது அக்குள்ல சோப்பு நுரையை வச்சு ரெண்டு நிமிஷம் விட்டுட்டுக் கழுவுங்க. போட்ட உடனே தண்ணி ஊத்தினா பிரயோஜனம் கம்மி. அப்புறம் துண்டால ஒத்தி, காயவிட்டு சட்டை போடுங்க.

இதுக்கும் அடங்காத வாடைன்னா, முகப்பருவுக்கு விக்கிற பென்சாயில் பெராக்சைடு வாஷ் இருக்கு. வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை அக்குள்ல தடவி ரெண்டு நிமிஷம் வச்சுக் கழுவலாம், பாக்டீரியா நல்லா குறையும். கலர் துணியில பட்டா சாயம் போயிடும், வெள்ளைத் துண்டு வச்சுக்குங்க. சிவந்து அரிச்சா நிறுத்திடுங்க. திடீர்னு வாடை மாறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே சட்டை நனையற அளவு வேர்த்தாலோ தோல் டாக்டரைப் பாருங்க, அதுக்குத் தனி வைத்தியம் இருக்கு.

இனி துணி. நிறைய பேர் உடம்பைச் சந்தேகப்படறாங்க, உண்மையில குற்றவாளி சட்டைதான். பாலியெஸ்டர் கலந்த யூனிபார்ம் வேர்வையோட எண்ணெய்ப் பகுதியைப் பிடிச்சு வச்சுக்கும், சோப்புத் தண்ணிக்குச் சுலபமா விடாது. துவைச்சுக் காய்ஞ்ச சட்டையில வாடை இருக்காது, போட்டு அரை மணியில உடம்புச் சூடு பட்டதும் பழைய வாடை எழும்பும். இதுக்கு: 5 லிட்டர் தண்ணியில 100 மில்லி வெள்ளை வினிகர் ஊத்தி, சட்டையை உள்பக்கம் வெளியே வர்ற மாதிரி திருப்பி அரை மணி ஊறவைங்க. அலசிட்டு அப்புறம் எப்பவும் போல துவைங்க. பிளீச்சிங் பவுடரையோ திரவ பிளீச்சையோ அதுகூட மட்டும் சேர்த்துடாதீங்க, குளோரின் வாயு கிளம்பும், குளியலறைக்குள்ள அது உயிருக்கே ஆபத்து. திருப்பின நிலையிலேயே அக்குள் பக்கம் வெயில் படற மாதிரி காயப்போடுங்க.

மழைக்காலத்துல அரை ஈரமா இருக்கிற சட்டைக்கு இஸ்திரி போட்டு மாட்டிக்கிறது இன்னொரு காரணம். சூட்டுல வாடை அமுங்கின மாதிரி இருக்கும், முதல் வேர்வை பட்டதும் திரும்பி வரும். கம்ஃபர்ட் மாதிரி துணி வாசனைத் திரவத்தை மூடிக் கணக்குக்கு மேல ஊத்தாதீங்க. அந்த மாதிரி திரவங்கள் பலதுல வாசனையைக் கண்ணுக்குத் தெரியாத குமிழ்ல அடைச்சு வச்சிருப்பாங்க, துணி உரசும்போதெல்லாம் உடைஞ்சு புதுசா கிளம்பும். நெரிசல் பஸ்ஸுல நாள் முழுக்க உரசல்தானே.

முடிஞ்சா டிபன் பையில ஒரு பருத்தி பனியன் மடிச்சு வைங்க. ஷிப்ட் முடிஞ்சு முகம், அக்குள் கழுவி அதை மாத்திட்டு ஏறினா போதும், சாயங்கால பஸ்ஸுக்கு செண்ட்டே தேவையில்ல.

---

பாலக்கோடு கேட் கேட்டது:

படிகாரம் போதுமா? அம்மா, பாட்டி காலத்தில் அதுதானே. சமையல் சோடாவும் சொல்கிறார்களே?

---

உள்பனியன் எழுதியது:

படிகாரம் நல்லதுதாங்க. கட்டியை நனைச்சு அக்குள்ல நாலு தடவை தேய்ச்சு காயவிடுங்க. பாக்டீரியாவைக் குறைக்கும், வாசனையும் கிடையாது, விலையும் கம்மி. ஆனா வேர்வையை நிறுத்தற விஷயத்துல ரோல்-ஆன் அளவுக்கு வராது. வெட்டுக்காயம் இருந்தா எரியும். சமையல் சோடா வேண்டாம். தோல் லேசான அமிலத்தன்மையில இருக்கிறதுதான் ஆரோக்கியம், சோடா காரம். ரெண்டு வாரத்துல தோல் சிவந்து உரிஞ்சவங்க நிறைய.

---

கனகாம்பரம் எழுதியது:

பூவைப் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டமும் பூ விளைகிற ஊர். பூ வைக்காதே என்று யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. எந்தப் பூ எந்த நேரத்தில் எப்படி மணக்கும் என்று தெரிந்திருந்தால் போதும்.

குண்டு மல்லியை மொட்டாகப் பறிப்பார்கள், சாயங்காலத்துக்கு மேல்தான் மலரும். காலை பஸ்ஸில் கட்டின சரம் அவ்வளவாக மணக்காது. சாயங்காலம் ஏழு மணி பஸ்ஸில் அதே அளவு சரம் அந்த வரிசை முழுக்க மணக்கும். மல்லிகை வாசனையில் இண்டோல் என்ற பொருள் உண்டு. அளவாக இருந்தால் மணம், மூடிய இடத்தில் கூடினால் கனத்துத் தலையைப் பிடிக்கும். சம்பங்கியும் ராத்திரிதான் அதிகம் மணக்கும். மரிக்கொழுந்து இரண்டு தளிர் இருந்தாலே தெரியும். சாயங்காலம் நெரிசலில் திரும்புகிறவர்கள் முழம் முழமாக வைக்காமல் ஒரு சாண் வைக்கலாம், மீதியை வாழையிலையில் பொட்டலமாக மடித்துப் பையில் வைத்துக்கொள்ளலாம், வாடவும் வாடாது. தலை நிறையப் பூ வேண்டுமென்றால் கனகாம்பரமோ டிசம்பர் பூவோ வையுங்கள், இரண்டுக்கும் வாசனை கிடையாது.

விடியற்காலை பஸ்ஸில் மூட்டையாகப் பூ ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போகிறவர்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது அவர்கள் பிழைப்பு. கண்டக்டர் காட்டும் இடத்தில் மூட்டையை வைத்து, அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறந்துவிட்டால் போதும். மாட்டுக்கொட்டகை வேலை முடித்து வருகிறவர், செங்கல் சூளையிலிருந்து வருகிறவர், கருவாடு விற்றுவிட்டுத் திரும்புகிற அம்மா, யாராக இருந்தாலும் அப்படியே. உழைத்த உடம்பின் வாடைக்கு முகம் சுளிப்பதும், முந்தானையால் மூக்கைப் பொத்திக் காட்டுவதும் அவமானப்படுத்துவது. செண்ட் போட்டவருக்குக் குறைத்துக்கொள்ள வழி இருக்கிறது, வேலையிலிருந்து நேராக வருகிறவருக்கு அது இல்லை.

கருவாடு வாங்கி வருகிறவர்களுக்கு: மெல்லிய பாலித்தீன் பை அந்த வாடையைத் தடுக்காது, அதன் வழியாகவே வெளியே வரும். செய்தித்தாளில் இரண்டு சுற்று, அதன்மேல் கெட்டியான கவர், அதை இறுக்கி மூடுகிற எவர்சில்வர் தூக்கில் வைத்தால் பக்கத்து சீட்டுக்குத் தெரியாது.

பீரோவிலிருந்து எடுத்த பட்டுப்புடவையின் அந்துருண்டை வாடை முகூர்த்த நாள் பஸ்ஸில் தாங்க முடியாதது. அது நாப்தலின், திடப்பொருளாக இருந்தே ஆவியாகும், பட்டு இழையில் ஏறி உட்கார்ந்துவிடும். உடுத்தும் அன்று உதறினால் போகாது, இரண்டு நாள் முன்பே எடுத்து நிழலில் காற்றாட விரித்துப் போட வேண்டும். அதன்மேல் செண்ட் அடித்து மறைக்க நினைக்காதீர்கள், பட்டில் கறையும் விழும். இதில் பெரிய விஷயம் குழந்தைகள்: ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள பச்சைக்குழந்தைக்கு நாப்தலின் ஆவி சிவப்பணுக்களையே உடைக்கும், மஞ்சள் காமாலை கடுமையாகும். அந்துருண்டையோடு இருந்த துணியில் கைக்குழந்தையைச் சுற்றித் தூக்கிப் போகாதீர்கள். பீரோவுக்கு வசம்பைச் சின்னத் துணிப்பையில் முடிந்து போடுங்கள்.

தைலமும் அப்படித்தான். கோடாலி தைலம், அமிர்தாஞ்சன், டைகர் பாம் எல்லாவற்றிலும் மென்தால், கற்பூரம் போன்றவை பல அளவில் இருக்கும். நெற்றி முழுக்கத் தேய்த்தால் முன்னும் பின்னும் இரண்டு வரிசைக்குத் தெரியும். கைக்குட்டையின் ஒரு மூலையில் ஒரு தொடல் தொட்டு, அந்த மூலையை உள்ளே மடித்து, வேண்டும்போது மட்டும் முகருங்கள். பக்கத்தில் கைக்குழந்தை இருந்தால் மூடியைத் திறக்கவே வேண்டாம். இரண்டு வயதுக்குள் கற்பூரமும் மென்தாலும் மூக்கருகே போகக் கூடாது, மூச்சுத் திணறல் வரும்.

---

இடது ஜன்னல் எழுதியது:

வாசனை ஒத்துக்கொள்ளாதவர்கள் பக்கம் இருந்து சில விஷயங்கள்.

சாதாரண மாஸ்க், என்95 எதுவும் செண்ட்டைத் தடுக்காது. அவை தூசியையும் நுண்துளியையும் பிடிக்கும், வாசனை வாயு நிலையில் உள்ளே வந்துவிடும். கரித்தூள் அடுக்கு வைத்த மாஸ்க் மட்டும் ஓரளவு குறைக்கும், அந்த அடுக்கு நிறைந்ததும் அதுவும் வேலை செய்யாது. கைக்குட்டையை நனைத்துக் கட்டிக்கொள்வதால் பெரிய பலன் இல்லை.

இடத்தைத் தேர்ந்தெடுப்பது எதையும்விடப் பலன் தரும். முன்பக்கம், திறக்கிற ஜன்னல் ஓரம், பின்சக்கரத்துக்குமேல் இல்லாத சீட்டு. வாந்தி வருகிறவர்களுக்குக் குலுக்கலும் வாசனையும் ஒன்றையொன்று தூக்கிவிடும். தனியாகத் தாங்கக்கூடிய செண்ட் தொப்பூர் கணவாயில் வளைந்து இறங்கும்போது தாங்காது. பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறக்கம், தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி மலைப்பாதை எல்லாம் அப்படித்தான். அங்கெல்லாம் செல்போனைப் பார்க்காமல் தூரத்து மலையைப் பாருங்கள். எலுமிச்சையைக் கீறி முகர்வது சிலருக்கு உதவும், வாசனை நம் மூக்கோடு நிற்கும் என்பதால் யாருக்கும் தொந்தரவும் இல்லை. வாந்தி மாத்திரை போடுவதாக இருந்தால் வண்டி கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், குமட்டல் ஆரம்பித்தபின் விழுங்கினால் வயிற்றில் தங்காது. தூக்கம் வரும், அதனால் இறங்கி டூவீலர் ஓட்டுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

வீசிங் உள்ளவர்கள் இன்ஹேலரைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே கேரியரில் உள்ள பையில் இருந்தால், நெரிசலில் எட்டி எடுப்பதற்குள் திணறிவிடும். நெஞ்சு இறுக ஆரம்பித்ததுமே இடம் மாறுங்கள், "இன்னும் நாலு ஸ்டாப்தானே" என்று பொறுக்க வேண்டாம்.

கம்பெனி ஏசி பஸ்ஸைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஏசி பெரும்பாலும் உள்காற்றையே சுற்றிச் சுற்றி விடுகிறது, குளிரும் ஆனால் வாசனை வெளியே போகாது. ஒருவர் போட்ட செண்ட் கடைசி சீட்டுவரை போய் ஓசூர்வரை கூடவே வரும். அங்கே என் கருத்து செண்ட் பூஜ்யம். டிரைவர் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கும் வாசனை டப்பாவும் இதே கணக்குதான், பல பேருக்குத் தலைவலி அதனால்தான். டிரைவரோடு வாதாடாமல் கம்பெனியில் பஸ் ஏற்பாடு பார்க்கிறவரிடம் நாலு பேராகச் சேர்ந்து எழுதிக் கொடுங்கள்.

---

முன்படி எழுதியது:

சொல்ற விதத்தைப் பத்தி. "வாடை அடிக்குது", "என்ன செண்ட் இது"ன்னு ஆரம்பிச்சா அதோட பேச்சு முடிஞ்சுது. காரணத்தை நம்ம உடம்புமேல வைங்க, கேட்கிறது சின்னதா இருக்கட்டும். "அண்ணா, எனக்கு செண்ட் வாசனை ஒத்துக்காதுங்க, தலைவலி புடிச்சுக்கும். ஜன்னலைக் கொஞ்சம் தொறந்துக்கலாமுங்களா?" இல்லேன்னா, "அக்கா, நீங்க இந்தப் பக்கம் வர்றீங்களா, நான் ஜன்னலோரம் உட்கார்ந்துக்கறேன்." யாரும் மறுக்கறதில்ல. ஓசூர் பக்கம் பஸ்ஸுல தெலுங்கும் கன்னடமும் பேசறவங்க நிறைய. தெலுங்குல 'தல நொப்பி', கன்னடத்துல 'தலெ நோவு'ன்னு சொல்லி நெத்தியைத் தொட்டு ஜன்னலைக் காட்டினா புரிஞ்சுடும்.

கண்டக்டர்கிட்ட போறதா இருந்தா ஆளைக் காட்டிக் கொடுக்காதீங்க. "முன்னாடி ஒரு சீட்டு காலியானா சொல்லுங்கண்ணா, வாந்தி வர்ற மாதிரி இருக்கு"ன்னா போதும். பஸ்ஸுல யாரோ வாந்தி எடுக்கறதை அவரும் விரும்ப மாட்டாரு, முதல் ஆளா இடம் பார்த்துக் குடுப்பாரு.

கூட வேலை செய்யறவருக்கு வேர்வை வாடை இருந்தா பஸ்ஸுல வேண்டாம். தனியா, ஒரே ஒரு தடவை, வழியையும் சேர்த்துச் சொல்லுங்க: "பாலியெஸ்டர் சட்டை அப்படித்தாங்க பண்ணும், வினிகர்ல ஊறவச்சா சரியாயிடும்." குரூப்புல ஜாடையா போடறது கொடுமை.

பீடி, சிகரெட்டும் இதுல சேரும். 2003 புகையிலைச் சட்டப்படி பஸ்ஸுக்குள்ள புகைக்கக் கூடாது, 200 ரூபாய் வரை அபராதம். அது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது என்னன்னா, கடைசி இழுப்பு இழுத்த வேகத்துல படியேறினா நெஞ்சுக்குள்ள மிச்சமிருக்கிற புகை உள்ள வந்துதான் வெளியே வருது. பிடிச்சு முடிச்சுட்டு ஒரு அஞ்சு நிமிஷம் வெளியே நின்னு, வாய் கொப்பளிச்சுட்டு ஏறுங்க. செண்ட் அடிச்சு மறைக்கறேன்னு ரெண்டையும் சேர்த்துக் கொண்டு வராதீங்க.

ஷூ கழட்டறது: வேண்டாம். மூடின ஷூவுக்குள்ள காலையிலிருந்து ஊறின சாக்ஸ் வெளியே வந்தா அடுத்த வரிசைவரை போகும். ரெண்டு ஜோடி ஷூ வச்சு ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்திப் போட்டா உள்ள ஈரம் காய்ஞ்சுடும்.

---

காலை ஆறரை பஸ் எழுதியது:

எல்லாருக்கும் நன்றிங்க, நோட்டில் எழுதி வைக்கிற அளவுக்குச் சொல்லியிருக்கிறீர்கள். ஒன்று மட்டும் பாக்கி. ஸ்டாண்டுக்கு வந்தபிறகுதான் கூடிப்போனது தெரிகிறது, பஸ் பத்து நிமிடத்தில் கிளம்பும். அப்போது என்ன செய்வது? தண்ணீரில் கழுவினால் போகவில்லை.

---

ரெண்டு சொட்டு எழுதியது:

தண்ணீரில் போகாது, வாசனைப் பொருள் எண்ணெயில் கரைகிற சாதி. செண்ட் என்றால், கைக்குப் போடும் சானிடைசர் நாலைந்து சொட்டு அந்த இடத்தில் தடவி, அது காய்வதற்கு முன்பே டிஷ்யூவாலோ கைக்குட்டையாலோ அழுத்தித் துடையுங்கள். ஆல்கஹால் வாசனை எண்ணெயைக் கரைத்து எடுக்கும். காயவிட்டால் கரைந்தது திரும்பத் தோலிலேயே தங்கிவிடும், அதில்தான் பலர் தவறுகிறார்கள். இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் துணியின் புதுப் பக்கத்தால். வாசனை சேர்த்த சானிடைசராக இருந்தால் அதுவே இன்னொரு செண்ட்.

அத்தர் என்றால் முதலில் காய்ந்த டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள், தேய்த்தால் பரவும். பிறகு ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து, ஸ்டாண்டு குழாயில் சோப்பு போட்டுக் கழுவுங்கள். துடைத்த துணியைப் பையில் திறந்தபடி போட்டால் வாசனை மறுபடி உங்கள் கூடவே பஸ் ஏறும், கவரில் முடிச்சுப் போட்டு வையுங்கள்.

சட்டையில் பட்டதற்கு பத்து நிமிடத்தில் செய்ய ஒன்றுமில்லை. பையில் மாற்று பனியன் இருந்தால் அதைப் போட்டு, சட்டையைக் கவரில் கட்டுங்கள். அதுவும் இல்லையென்றால் அந்த பஸ்ஸில் கடைசி வரிசை ஜன்னலோரம் போய் உட்காருங்கள், கண்ணாடியைத் திறந்து வையுங்கள், குளிர் கொஞ்சம் அடிக்கும்.